கிரேக்கர் மதிலில் காயப்போட்ட துணி

திருகோணமலைக் கடற்படை டொக்யார்ட் வாசலுக்கு எதிரே லோண்டரி வைத்திருந்த அருளம்பலத்துக்குக் கப்பலேறும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. கப்பல்கள் அவரைத் தேடி வந்தன. அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. மாலுமிகளின் வெள்ளை உடுப்புகள் பொட்டளி பொட்டளியாக வந்து இறங்கும். கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். யுத்தம் தொடங்கிய பிறகு வேலை கூடிப்போய், மனைவி குணேஸ்வரியும் அவரோடு நின்று இஸ்திரிக்கை போட்டாள். அவளுடைய தகப்பன் சிவகுருநாதன் கடை வாசலில் கதிரை போட்டிருந்து வருகிறவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரைக்குச் சற்று முன் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அன்றைக்கே சனம் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. சிலர் சாம்பல்தீவுப் பக்கம் போனார்கள், சிலர் கந்தளாய் றோட்டில் நடந்தார்கள். அருளம்பலம் குடும்பமும் கந்தளாய் றோட்டில்தான் போனது. கிழமைகள் கழித்து அவர் தனியே திரும்பி வந்து பார்த்தபோது கடையின் கூரையில் பாதி இல்லை. கூரையை வேய்ந்துவிடலாம். துறைமுகத்தில் கப்பல் இல்லை, அதற்குத்தான் அவரிடம் வழி இருக்கவில்லை. கடற்படை ஆபிரிக்காப் பக்கம் போய்விட்டதென்று சொன்னார்கள். வெளுக்கத் துணி இல்லாத லோண்டரியில் ஒரு வருஷம் ஈ ஓட்டினார்.

அடுத்த வருஷம் எண்ணெய் எடுக்க வந்த கப்பலொன்றில் வண்ணான் வேலை பார்த்தவன் காய்ச்சலில் விழுந்து கரையில் இறக்கப்பட்டான். அவனுடைய இடத்துக்கு இரண்டு ஆள் கேட்டார்கள். அருளம்பலமும், முன்பு அவருக்காகக் கப்பல் கப்பலாகத் தோணியில் பொட்டளி ஏற்றியிறக்கிய கிண்ணியா முஹம்மது தம்பியும் கையெழுத்து வைத்தார்கள். குணேஸ்வரி சாம்பல்தீவில் தமக்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று.

"போறதெண்டால் போங்கோ," என்றாள் அவள். "வரேக்கை கை காலோடை வாங்கோ."

கப்பலில் அவர்களுக்குக் கிடைத்தது கொதிகலனுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. நாள் முழுக்க ஆவி. சுயெஸ், அலெக்சாந்திரியா, மால்ற்றா, இத்தாலி என்று கப்பல் ஊர் ஊராகப் போனது. அருளம்பலம் எதையும் பார்க்கவில்லை. அலெக்சாந்திரியாவின் புழுதி மஞ்சள், இத்தாலியின் சேறு சிவப்பு. அந்த ஊர்களைப் பற்றிக் கழுத்துப் பட்டிகளும் காற்சட்டை விளிம்புகளும் அவருக்குச் சொன்னது அவ்வளவுதான். இரவில் படுத்தால் முழங்கால் இரண்டும் தனியாக விழித்திருந்தன.

நாற்பத்துநாலாம் ஆண்டு ஐப்பசியில் கப்பல் கிரேக்கக் கடலில் நின்றது. ஜெர்மன்காரர் தீவுகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே போய்க் கண்ணிவெடி பொறுக்குவதும் பசித்துக் கிடந்த சனத்துக்குக் கோதுமை மா இறக்குவதும் இவர்களுடைய வேலை. அப்படிப் போகையில் ஒரு வெடி கப்பலின் பின்பக்கத்தைக் கிழித்தது. செத்தவர்களைக் கடலில் விட்டுவிட்டு, காயப்பட்டவர்களோடு பக்கத்துத் தீவின் குடா ஒன்றுக்குள் இழுபட்டு வந்து நங்கூரம் போட்டார்கள். இழுத்துப்போக வேறு கப்பல் வரும்வரை அங்கேதான் கிடக்கவேண்டும் என்று சொல்லப்பட்டது.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இயந்திரம் வெடியோடு போய்விட்டது. இருந்த தண்ணீர் குடிக்க மட்டும். ஆனால் காயக்காரர் படுத்த விரிப்புகள் நாளுக்கு நாள் குவிந்தன. இரத்தம் காய்ந்தால் போகாது. கரையில் போய்த்தான் வெளுக்கவேண்டும். கரையில் இருந்த கிராமத்தை ஜெர்மன்காரர் எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். கிணறுகளுக்குள் செத்த ஆடுகளைப் போட்டிருந்தார்கள்.

"மலைக்கு மேலை ஒரு ஊற்று இருக்குதாம்," என்று முஹம்மது தம்பி வந்து சொன்னார். இங்கிலீஷ் அவருக்குத்தான் கொஞ்சம் பிடிபடும். "பழைய கோட்டை ஒண்டுக்குள்ள. அந்தச் சின்னத் துரை கூட்டிட்டுப் போறாராம்."

சின்னத் துரை என்றது லெப்டினன்ட் ஹார்வியை. பழைய கல்லென்றால் உயிரை விடுகிற மனுசன். சாப்பாட்டு மேசையிலும் கல்லைப் பற்றியே கதைப்பாரென்று பரிமாறுகிற பையன்கள் சிரிப்பார்கள்.

கழுதைகளை ஜெர்மன்காரர் கொண்டுபோய்விட்டதால் பாரம் தூக்க ஆட்களே வேண்டியிருந்தது. படகிலிருந்த நீண்ட கழியொன்றில் கன்வசுத் துணியால் கட்டிய பொட்டளிகளைக் கோத்து, முன்னும் பின்னுமாகத் தோளில் வைத்து இருவரும் ஏறினார்கள். கோணேசர் மலை ஏறினால் அருளம்பலத்துக்கு மூச்சு வாங்கும். இது அதைப்போலப் பலமடங்கு. ஆட்டுப்பாதை, சறுக்குகிற கல், முள்ளுப்பற்றை. ஹார்வி புகைப்படப் பெட்டியோடு முன்னால் துள்ளித் துள்ளிப் போனார்.

மேலே ஒரு மதில். ஆனை உயரக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மதிலில் ஒரு வாசல். வாசலுக்குள் இடுப்பளவு சுவர்களாகத் தெருவும் வீடுமாய் ஒரு ஊர் கிடந்தது. ஹார்வி நின்று கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். முஹம்மது தம்பி தமக்கு விளங்கியதை மட்டும் பெயர்த்தார்.

"கிரேக்கர் கட்டின ஊராம். கிறிஸ்து பொறக்க முன்னமேயாம். கள்ளர் வந்தா எல்லாரும் உள்ளுக்கு வந்து கதவைப் பூட்டிக்குவாங்களாம்."

அருளம்பலம் கழியை இறக்கிவிட்டு முழங்காலைத் தேய்த்தார். "பிறகு ஆர் இதை உடைச்சதாம்? கேளுங்கோ காக்கா."

அருளம்பலம் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் முஹம்மது தம்பி கேட்டார். ஹார்வி தோளைக் குலுக்கினார்.

"தெரியாதாம். சண்டையாயிருக்கலாம், பூமி நடுங்கியிருக்கலாம். இல்லாட்டி சனம் சும்மா விட்டுட்டுப் போயிருக்கலாமாம்."

"சும்மா ஆர் போவினம்?" என்றார் அருளம்பலம். அதை முஹம்மது தம்பி பெயர்க்கவில்லை.

உடைந்த ஊர் வெறுமையாக இருக்கவில்லை. சுவர்களுக்கு மேல் தார்ப்பாயும் மரக்கொப்பும் போட்டு, எரிந்த கிராமத்துச் சனம் உள்ளே குடியிருந்தது. பெண்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். ஒற்றைக் காலில் கட்டைத்தடியோடு ஒரு ஆண், ஒரு கிழவர். மூலைகளிலிருந்து புகை எழுந்தது. ஊற்று ஒரு பாறையின் வெடிப்பிலிருந்து வந்து, அந்தப் பழைய ஆட்கள் வெட்டிவைத்த கல்தொட்டியில் நிறைந்து, அங்கிருந்து கீழே இன்னொரு தொட்டிக்கு வழிந்தது.

அருளம்பலம் மேல்தொட்டிக்குப் பக்கத்தில் பொட்டளியை அவிழ்த்ததும் கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண் தடியோடு முன்னால் வந்து நின்றாள். கதீனா என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். "நேரோ," என்று மேல்தொட்டியைக் காட்டிக் குடிப்பதுபோல் கையை வாயில் வைத்தாள். பிறகு இரத்தக் கறை பிடித்த விரிப்பைத் தடியால் தொட்டுக் கீழே, இன்னும் கீழே என்று காட்டினாள்.

"தண்ணியைத்தான் சொல்றா போல," என்றார் முஹம்மது தம்பி. "நேரோ. நம்மட நீர் மாதிரித்தான் கேக்குது."

"அவ சொல்லுறது நியாயம்," என்று அருளம்பலம் பொட்டளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். பொட்டளியை இன்னொரு தடவை தூக்கவேண்டி வந்ததே என்பதுதான் அவருக்கிருந்த கவலை.

பிறகு தினமும் இதே பாடு. விடிய ஏறுவது, நாள் முழுக்க அடிப்பது, பொழுது சாய இறங்கி, வேலைக்கு மேலாளான பெட்டி ஆபீசரிடம் கணக்குக் கொடுப்பது. ஊற்றுத் தண்ணீர் பனிக்கட்டி போல. சோடாவும் குளிரும் சேர்ந்து விரல் மடிப்புகளை வெடிக்க வைத்தன. கொடி கட்ட மரமில்லாததால் விரிப்புகளை மதிலின்மேல் விரித்துக் கல் வைத்தார்கள். வெயில் பட்ட அந்தப் பெரிய கற்கள் சூட்டைப் பிடித்து வைத்திருந்தன. துணி சுறுக்காகக் காய்ந்தது. அந்த மதிலால் அருளம்பலத்துக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றே. ஹார்வி சுவர் சுவராக அளந்துகொண்டும் படம் பிடித்துக்கொண்டும் திரிந்தார். சில நாட்களில் வருவார், சில நாட்களில் கப்பலில் வேலையென்று வரமாட்டார்.

கதீனாவும் மற்றப் பெண்களும் இவர்களைக் கவனிப்பதை நிறுத்திவிட்டார்கள். அது ஒருவகை மரியாதையாக அருளம்பலத்துக்குப் பட்டது. கிழவர் மட்டும் வெயிலில் ஒரு கல்லில் வந்திருந்து, துணி அடிக்கும் சத்தத்துக்கு ஏற்பத் தலையை ஆட்டுவார். அவர் கதீனாவின் மாமனார் என்று பிறகு விளங்கியது. இருமல் அவரை விடவில்லை.

ஒரு நாள் காலை இவர்கள் ஏறிப்போனபோது ஒரு மூலையிலும் புகை இல்லை. அருளம்பலம் அதைப் பெரிதாக எடுக்காமல் விரிப்புகளைக் கீழ்த்தொட்டியில் ஊறப்போட்டார். அன்றைக்குத் துணி வழக்கத்தைவிடக் கூட. சவுக்காரத்தைக் கையில் எடுத்தபோது பெண்கள் தொட்டியடிக்கு வந்து நின்றார்கள். காலில்லாதவன் கட்டைத்தடியை உயர்த்தி, மதிலில் சாய்த்து வைத்திருந்த கழியைக் காட்டினான். பிறகு கீழே, எரிந்த கிராமத்துப் பக்கம் காட்டினான்.

கிழவர் வந்திருக்கும் கல் வெறுமையாகக் கிடந்தது; அவர் முடிந்துவிட்டார் என்று அருளம்பலத்துக்கு உடனே விளங்கியது. பெண்கள் விடியற்காலையிலேயே இறங்கிப்போய்க் குழி வெட்டிவிட்டு வந்திருந்தார்கள், கைகளில் ஈரமண். அந்தப் பாதையில் பிணத்தைச் சுமந்து இறங்கத்தான் அவர்களிடம் ஆள் இல்லை.

அவருக்கு இரக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இங்கேயும் நான்தானா என்று நினைத்தார்.

கந்தளாய் றோட்டில் அவருடைய மாமனார் சிவகுருநாதன் அப்படித்தான் போனார். வண்டில் கிடைக்காமல் அவரை நடத்தியும் தூக்கியும் கொண்டுபோன வழியில், ஒரு மரத்தடியில் தண்ணீர் கேட்டார், குடித்தார், சரிந்தார். பக்கத்தால் சனம் போய்க்கொண்டே இருந்தது. தூக்க வாருங்கள் என்று அருளம்பலம் எத்தனையோ பேரைக் கேட்டார். எல்லார் கையிலும் பிள்ளை இருந்தது, மூட்டை இருந்தது. கடைசியில் தானே மண்வெட்டி இரவல் வாங்கிக் கிண்டி, குணேஸ்வரி கால்பக்கம் பிடிக்க, தேவாரம் ஒன்று சொல்லக்கூட மூச்சில்லாமல் மூடிவிட்டு நடந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு குணேஸ்வரி அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவரும் கதைக்கவில்லை.

முஹம்மது தம்பி கிட்ட வந்தார். "அருளம்பலம், நமக்கேன் இது? துணி அவ்வளவும் ஊறிக் கிடக்கு. பொழுது படுறதுக்குள்ள காயாட்டி அந்தப் பெட்டி ஆபீசர் நம்மளத் திண்டுருவான்."

"தெரியும் காக்கா."

"பாதையப் பாத்தீங்கதானே? வெறுங்கையோட இறங்கவே கால் சறுக்குது."

"தூக்குவம்," என்றார் அருளம்பலம். "பிறகு இருந்து யோசிச்சுக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

முஹம்மது தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கழியை எடுத்தார்.

பொட்டளி கட்டும் கன்வசில் கிழவரைக் கிடத்தி இரு தலைப்பையும் கழியில் முடிந்தார்கள். கிழவரில் பாரமே இல்லை; ஒரு நாளைய விரிப்புகள் அதைவிடக் கனக்கும். ஆனால் பாரமில்லாதது ஆடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கன்வஸ் பக்கவாட்டில் ஆடி இருவரையும் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. காலில்லாதவன் ஆட்டத்தை நிறுத்தப் பார்த்துத் தானே விழுந்தான். கதீனாவும் இன்னும் சில பெண்களும் பின்னால் வந்தார்கள், ஒருத்தி ஒரு சட்டியில் தணல் வைத்து வாசனை ஏதோ போட்டு ஊதிக்கொண்டு. மற்றவர்கள் பிள்ளைகளோடு மேலேயே நின்றார்கள்.

பாதி வழியில் ஹார்வி எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். கன்வசைக் கண்டதும் துணியென்றே நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு கதீனாவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். யாரென்று கேட்டார், முஹம்மது தம்பி கிழவர் என்றார். ஹார்வி புகைப்படப் பெட்டியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கன்வசின் பள்ளத்துப் பக்கமாகப் போய் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அது ஆடவில்லை. கீழே போய்ச் சேரும்வரை அந்த மனுசன் கல்லைப் பற்றி ஒரு கதையும் எடுக்கவில்லை.

கோயிலுக்குக் கூரை இல்லை. அடுத்த கிராமத்திலிருந்து வந்த பாதிரியாரின் சப்பாத்து முன்பக்கம் பிளந்து விரல் தெரிந்தது. அவர் நீட்டி நீட்டிப் பாடினார். கிழவரைக் குழிக்குள் இறக்கியபோது அருளம்பலம் கை நிறைய மண் எடுத்துப் போட்டார். "சிவசிவா," என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு, தொண்டைக்குள்ளேயே, தேவாரத்தில் இரண்டு வரி சொன்னார். அது இந்தக் கிழவருக்கா மற்றவருக்கா என்று அவரே பிரித்துப் பார்க்கவில்லை. முஹம்மது தம்பி சற்றுத் தள்ளி நின்று உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் கதீனா ஒரு துணியிலிருந்து அவித்த கோதுமையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி வைத்தாள். அவளுடைய வீட்டில் அதைவிட வேறு சாப்பாடு இருந்திராது. வேண்டாமென்று சொல்லவும் ஏலாது. மூவரும் நின்றபடியே தின்றார்கள். ஹார்வி கையை நக்கினார்.

கப்பலிலிருந்து கூப்பாடு வந்ததால் ஹார்வி கரைக்குப் போனார். மற்ற இருவருக்கும் மலை காத்திருந்தது. அருளம்பலம் அதுவரை அப்படி ஏறியதில்லை. ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார் என்றே சொல்லவேண்டும். தொட்டியில் ஊறும் துணி முழுவதும் கண்ணுக்குள் நின்றது. அடித்து, அலசி, பிழிந்து, விரித்து... வெயில் ஏற்கெனவே சாயத் தொடங்கியிருந்தது.

"இண்டைக்குப் பேச்சு வாங்கிறதுதான்," என்றார் முஹம்மது தம்பி.

"வாங்குவம்."

வாசலுக்குள் நுழைந்த முஹம்மது தம்பி சட்டென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த அருளம்பலம் அவர்மேல் முட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்தார்.

மதில் நெடுக விரிப்புகள். வாசலிலிருந்து அடுத்த முனைவரை, உடைந்து இறங்கிய இடங்களிலும் விடாமல், வெள்ளை வெள்ளையாக விரித்து மூலைக்கு மூலை கல் வைத்திருந்தது. மேலே நின்ற பெண்கள் கீழ்த்தொட்டியடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் கடைசி விரிப்பின் இரு தலைப்பையும் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தன. தண்ணீர் நுரையாக ஓடியது.

அருளம்பலம் மதிலடிக்குப் போய் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். கறை போயிருந்தது. இன்னொன்றைத் தொட்டார். அது பாதி காய்ந்திருந்தது. அந்த இடத்திலேயே முதுகை மதிலில் சாய்த்து உட்கார்ந்தார். கல்லின் சூடு சட்டைக்குள்ளால் முதுகுக்கு வந்தது. திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து தன்மேல் ஒரு வேலையும் இல்லாமல் அவர் இருந்ததில்லை. சற்றுக் கண்ணை மூடலாமென்று மூடினார்.

முஹம்மது தம்பி எழுப்பியபோது வெயில் மதிலை விட்டுப் போயிருந்தது. விரிப்புகள் மடித்து, பொட்டளி கட்டி, கழியில் கோத்து ஆயத்தமாயிருந்தன. மேல்தொட்டியில் கதீனா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எப்போது ஏறி வந்தாளோ தெரியாது.

அன்றைக்குப் பேச்சு விழுந்தது உண்மை. துணிக்காக இல்லை, சவுக்காரத்துக்காக. ஒரு கிழமைக்கென்று கொடுத்த கட்டி ஒரே நாளில் எங்கே போனதென்று பெட்டி ஆபீசர் கத்தினான். ஹார்வி அந்தப் பக்கமாகப் போனவர்தான். நின்று ஒன்றும் சொல்லவில்லை. அருளம்பலம் அதைக் குறையாக எடுக்கவில்லை. அந்த மனுசனின் முகமும் அன்றைக்குக் கழுவிப் பிழிந்த துணிபோலத்தான் இருந்தது.

சில நாட்களில் இழுவைக் கப்பல் வந்துவிட்டது. கடைசித் தடவை மேலே போனபோது கதீனா தடியில்லாமல் தொட்டியடிக்கு வந்து ஒரு சொல் சொன்னாள். அருளம்பலம் தலையை ஆட்டினார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இறங்கும்போது, அதுவரை நிமிர்ந்து பாராத அந்த மதிலைக் கொஞ்சம் நின்று பார்த்தார். பெரிய வேலைதான், எத்தனை பேருடைய தோளோ என்று நினைத்தார். பிறகு கழி அழுத்தவே நடந்தார்.

அடுத்த வருஷம் மாசியில் இருவரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் திருகோணமலைத் துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லாமல் கப்பல்கள் திரும்பி வந்து நின்றன. சீனக்குடாப் பக்கமிருந்து ஓயாமல் பிளேன் எழும்பியது. முஹம்மது தம்பி இனிச் சவுக்காரம் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுக் கிண்ணியாவில் வயலுக்குள் இறங்கினார். அருளம்பலம் அப்படிச் சத்தியம் பண்ண வழியில்லாமல் கடைக்குப் புதுக் கூரை வேய்ந்தார். குணேஸ்வரி சாம்பல்தீவிலிருந்து வந்தாள். அவருடைய கையையும் காலையும் உண்மையிலேயே ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள்.

தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் கேட்டார்கள், வெளிநாடெல்லாம் எப்படி என்று. "தண்ணி குளிர்," என்பார் அருளம்பலம். அவ்வளவுதான் அவரிடம் கிடைக்கும்.

பங்குனியில் ஒரு பின்னேரம், மேசையில் துணி மலைபோலக் கிடக்க, இஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போட்டுக்கொண்டிருந்தபோது, அவரே எதிர்பாராமல் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டார். மதில், ஊற்று, கிழவர், கழி எல்லாம் சொன்னார். குணேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் கந்தளாய் றோட்டைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"தேவாரம் சொன்னியளோ?" என்று கேட்டாள்.

"ஓம். இரண்டு வரி."

"எது?"

சொன்னார். அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அது தகப்பன் காலையில் பாடுகிறதுதான்.

"அந்தப் பெரியவருக்கு என்ன பேர்?"

"கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் என்ரை வாயிலை வராது."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அந்தப் பெண்டுகள் அவ்வளவு துணியையும் எப்பிடி வெளுத்தவை? சவுக்காரத்துக்கு என்ன செய்தவை?"

"என்ரை கட்டியைத்தான் முடிச்சுப்போட்டினம். அதுக்கு நான் வாங்கின பேச்சு..."

குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தாள். அருளம்பலமும் சிரித்தார், அதற்குக்கூட விலா நொந்தது.

"தள்ளுங்கோ," என்று அவள் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். "கொஞ்சம் போய்ச் சரிஞ்சு படுங்கோ."

அவர் போகவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு மாலுமியின் சட்டையை எடுத்து உதறி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி விரித்தாள். வெளியே டொக்யார்ட் சங்கு ஊதியது.